தோழியின் பெற்றோர் வீட்டுக்கு முதல்முறை போகும் தம்பிக்கு

தம்பி, மார்த்தாண்டத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது, கூட வேலை பார்க்கும் ஆங்கிலேயப் பெண்ணை விரும்புகிறேன், அடுத்த மாதம் சனி ஞாயிறு தங்க அவள் பெற்றோர் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் பெரிய இடம், எனக்கு முள்கரண்டி பிடிக்கக்கூடத் தெரியாது, அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர் என்று சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நானும் கன்னியாகுமரி மாவட்டம்தான், தக்கலைப் பக்கம். நர்ஸாக வந்து 22 வருடம் ஆயிற்று. என் கணவர் இந்த நாட்டுக்காரர், அவர் அப்பா வழக்கறிஞராக இருந்தவர். உங்கள் பயம் எனக்குத் தெரியும்.

மேசைப் பழக்கம் ஒரு மத்தியானத்தில் படிந்துவிடும். தட்டுக்கு இரண்டு பக்கமும் அடுக்கியிருப்பதில் வெளியே இருப்பதை முதலில் எடுங்கள், அடுத்தடுத்த பதார்த்தத்துக்கு உள்ளே வந்துகொண்டே இருங்கள். இடப்பக்கச் சின்னத் தட்டு பிரெட்டுக்கு. அதைக் கையால்தான் பிய்க்க வேண்டும். முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் சேர்த்து வைத்தால் 'சாப்பிட்டாயிற்று' என்று அர்த்தம். நம்ம ஊர்ப் பந்தியில் பருப்பு, பப்படம், சாம்பார், புளிசேரி, அப்புறம் இலையிலேயே பாயசம் விட்டுப் பழம் பிசைவது என்று ஒரு வரிசை இருக்கிறதே, அதை யார் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்? பக்கத்து இலையைப் பார்த்துப் படித்தோம். இங்கேயும் சந்தேகம் வந்தால் வீட்டுக்காரம்மா எதை எடுக்கிறார் என்று பாருங்கள். அவர் தொடங்கும்வரை யாரும் தொடமாட்டார்கள்.

சொற்கள்தான் கொஞ்சம் கஷ்டம். காதில் சரியாக விழாவிட்டால் 'பார்டன்' என்று கேட்பதுதான் மரியாதை என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மாமியார் என்னிடம் 'வாட்?' என்று கேட்டபோது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பிறகுதான் தெரிந்தது, இங்குள்ள மேல்தட்டுக்காரர்கள் 'பார்டன்' என்று சொல்வதே இல்லை. 1954-இல் ஆலன் ராஸ் என்ற மொழியியல் பேராசிரியர் இப்படிப்பட்ட சொற்களைப் பிரித்தே எழுதியிருக்கிறார். கை, வாய் துடைக்கும் துணி அவர்களுக்கு 'நாப்கின்', மற்றவர்களுக்கு 'செர்வியட்'. ராத்திரிச் சாப்பாடு ஒரு வீட்டில் 'டீ', இன்னொரு வீட்டில் 'சப்பர்'. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம், வெளிநாட்டிலிருந்து வந்தவரிடம் யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். ஒரு சொல் சுருக்கென்று பட்டால் அவமதிப்பு என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனக்கு நெடுநாள் வரவில்லை. வயதில் மூத்தவரை எப்படிப் பெயர் சொல்லுவது என்று மாமியாரை ஒன்றுமே சொல்லிக் கூப்பிடாமல் காலம் தள்ளினேன். இந்தப் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று அவர்கள் சொன்னால், அன்றைக்கே கூப்பிட்டுவிடுங்கள். அதுதான் அவர்களுக்கு மரியாதை.

இனி அப்பா விஷயம். என் அப்பா பனையேறி. விடியுமுன் பாளை அரிவாளோடு போய் அக்கானி, அதாவது பதநீர், இறக்கி வருவார், அம்மா காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்குவார். அவர்கள் வீட்டுக்கு முதல்முறை போன அன்று இரவு மேசையில் மாமனார், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். விவசாயம் என்றேன். என்ன பயிர் என்று ஆர்வமாகக் கேட்டார். நெல், தென்னை என்று அடுக்கினேன். எங்களுக்கு இருந்ததோ வீட்டோடு சேர்த்து ஒன்பது சென்ட்.

மூன்று வருடம் கழித்துக் கல்யாணம் பேச எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா புதுச் சட்டையோடு கை நீட்டினார். மாமனார் அந்தக் கையை உடனே விடவில்லை, திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். மறுநாள் காலை அப்பா பனையில் ஏறி இறங்கியபோது, மரம் உரசி உரசி நெஞ்சில் கறுத்துக் காய்த்திருந்ததையும் பார்த்தார். "ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று மட்டும் கேட்டார். அப்பாவுக்கு ஆங்கிலம் புரியாது. ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். திருவிதாங்கூர் ராஜா காலத்தில் மேல்சாதிக்காரர் முன் 'நான்' என்று சொல்ல முடியாமல் 'அடியேன்' என்று சொன்னவர்களின் வம்சம் நாங்கள். எங்கள் பெண்கள் தோளில் சீலை போடுவதற்கே பல வருடம் அடிபட்டு, 1859-இல்தான் மேலுடம்பை மறைக்கலாம் என்று மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. பெரிய வீட்டைக் கண்டால் உடம்பு தானாகக் குனிகிறது. ஆனால் அந்த மேசையில் என்னை யாரும் குனியச் சொல்லவில்லை, தம்பி. கத்தி எந்தப் பக்கம் என்பதைக் கற்றுக்கொள்ளுங்கள், அப்பாவின் தொழிலை மாற்றாதீர்கள். ரப்பர் மரப் பட்டையில் எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும், மழைக்காலத்தில் என்ன செய்வார், பட்டையில் உறைந்துபோன ஒட்டுப்பாலை என்ன செய்வார் என்று விவரமாகச் சொல்லுங்கள். அந்த மேசையில் வேறு யாருக்கும் அது தெரியாது.

தெரியாததையெல்லாம் அவளிடம் இன்றைக்கே கேளுங்கள். என்ன உடுப்பு, வீட்டுக்குள் செருப்பா வெறுங்காலா, எல்லாம். தன் வீட்டில் இத்தனை முறைகள் இருப்பது அவளுக்கே கண்ணில் பட்டிருக்காது. அங்கே போனதும் அவள் யார் பக்கம் நிற்கிறாள் என்று கவனியுங்கள். நான் முதல்முறை போன அன்றைக்குப் பிரெட்டைக் கத்தியால் வெட்டினேன். மாமியார் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் தன் பிரெட்டையும் கத்தியால் வெட்டினார். இவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த இடத்தில் முடிவு செய்தேன்.

வெறுங்கையோடு போகாதீர்கள், ஊர்க் கருப்பட்டி இருந்தால் கொண்டுபோங்கள். சம்பளம், வீட்டு விலை பற்றிக் கேட்க வேண்டாம். திரும்பி வந்ததும் அவள் அம்மாவுக்கு நன்றி சொல்லி நாலு வரி கையால் எழுதுங்கள், சாப்பிட்டதில் பிடித்த ஒன்றைப் பெயர் சொல்லி எழுதுங்கள். அதைத் திங்கட்கிழமையே தபாலில் போட்டுவிட்டு, போன விஷயம் என்ன ஆயிற்று என்று எனக்கும் சொல்லுங்கள்.