காசியில் ஜுரம் வந்தால்?

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் நான். ஜனவரியில் தனியாகக் காசிக்குப் போகிறேன். குளிர் ஒத்துக்கொள்ளாத உடம்பு. போன இடத்தில் சளி, ஜுரம் என்று படுத்துவிட்டால், பார்க்க நினைத்ததெல்லாம் வீணாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, நங்கநல்லூர்

பதில்: புறப்படும் அன்றே ஜுரம் இருந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். அங்கே போன பிறகு வந்தால், ஊர் முழுக்கச் சுற்றும் திட்டத்தை மட்டும் ரத்து செய்யுங்கள்.

ஒரு தை மாதம் ரயிலிலேயே தொண்டை கட்டிக்கொண்டு, காசியில் இருமலோடு தனியாக நடந்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அறையை எந்தப் பக்கம் எடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். விஸ்வநாதர் கோயில் பக்கத்துக் கடைத்தெருவான கோதௌலியா நெரிசலுக்குள் வேண்டாம். கேதார் காட், அனுமன் காட் பக்கம் பாருங்கள். காட் என்றால் படித்துறை. அது நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிற இடம். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மடம் அமைத்தது கேதார் காட்டில்தான். பாரதியார் பதினாறு வயதில் வந்து அத்தை வீட்டில் தங்கிப் படித்தது அனுமன் காட்டில். அந்த வீட்டில் இப்போது தமிழக அரசு அமைத்த நினைவிடம் இருக்கிறது. தெருவில் யாராவது தமிழில் பதில் சொல்வார்கள். உடம்பு முடியாதபோது அது எவ்வளவு பெரிய தெம்பு என்பது அங்கே நின்றால்தான் தெரியும்.

கங்கை அங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. படித்துறைகள் எல்லாம் மேற்குக் கரையில், கிழக்கு பார்த்து இருக்கின்றன. அதனால் மூடுபனி விலகியதும் வெயில் நேராக உங்கள் முகத்தில் விழும். விடியற்காலைப் படகுக்கு எல்லோரும் ஓடுவார்கள், நீங்கள் ஓடாதீர்கள். ஒன்பது, பத்து மணிக்கு மேல் காதைச் சால்வையால் மூடிக்கொண்டு, கேதார் காட்டின் சிவப்பு வெள்ளைப் பட்டைப் படிகளில் மேல் பக்கமாக உட்காருங்கள். உச்சி வெயில் வரை அங்கேயே இருந்தாலும் அலுக்காது. மந்திரம் சொல்பவர்கள், துணி துவைப்பவர்கள், எருமைகள், பட்டம் விடும் பையன்கள் என்று ஊரே உங்கள் முன்னால் வந்து போகும். நான் அதிகம் கண்ட காசி அதுதான். குறைவாகப் பார்த்தோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அப்புறம், கேதார் காட்டிலிருந்து அனுமன் காட்டுக்குக் கரை வழியாகப் போனால் நடுவில் ஹரிச்சந்திர காட் வரும். சிதைப் புகை இருமலுக்கு ஆகாது. மேலே ஏறி, சோனார்புரா சாலை வழியாக பேட்டரி ரிக்‌ஷாவில் போய்விடுங்கள்.

ஜுரத்தோடு கங்கையில் முழுக்குப் போடவே வேண்டாம். இவ்வளவு தூரம் வந்து குளிக்காமல் போவதா என்று மனசு அடித்துக்கொள்ளும். முடியாதவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று நம் பெரியவர்களே வழி வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு நகரத்தார் சத்திரம் இருக்கிறது. விஸ்வநாதர் பூஜைக்கு தினமும் பொருள்கள் அனுப்புகிற அதே சத்திரம்தான். காலையிலேயே சொல்லி வைத்துவிட்டால், வாய்க்கு ருசி தெரியாத நேரத்தில் சூடாக ரசம் சாதம் சாப்பிடலாம். குளிர்காலக் காலையில் மண் கிண்ணத்தில் மலையோ என்று பால் நுரை இனிப்பு விற்பார்கள். இருமல் நின்ற பிறகு அவசியம் சாப்பிடுங்கள்.

கேள்வி: தனியாக இருக்கும்போது ராத்திரி ஜுரம் ஏறிவிட்டால்?
- வாசகி, கொரட்டூர்

பதில்: அறைக்குப் போன முதல் நாளே, உடம்பு நன்றாக இருக்கும்போதே, விடுதிக்காரரிடம் தனியாக வந்திருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஒரு துண்டுச் சீட்டில் உங்கள் பெயர், விடுதி முகவரி, சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்து, சென்னை நம்பர் எல்லாவற்றையும் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பையில் வையுங்கள். விஸ்வநாதர் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. வரிசையில் தலை சுற்றினால் அந்தச் சீட்டுதான் உங்களுக்காகப் பேசும்.

காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று வீட்டுக்கு போன் செய்யுங்கள். கவலைப்படுவார்களே என்று ஜுரத்தை மறைக்காதீர்கள். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் தங்காவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108 அழையுங்கள். ஊரின் தெற்குப் பக்கம் காசி ஹிந்து பல்கலைக்கழக வளாகத்திலேயே பெரிய மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைப் பயண நாட்களுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துப் போங்கள். பனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.

கேள்வி: ஜுரம் விட்டது, ஆனால் கால் நடுங்குகிறது என்றால் புத்தர் முதல் உபதேசம் செய்த சாரநாத்தையும் விட்டுவிட வேண்டியதுதானா?
- வாசகர், அடையாறு

பதில்: வேண்டாம், சாரநாத்துக்குத்தான் முதலில் போக வேண்டும். காசியிலிருந்து பத்து கிலோமீட்டர் அளவுதான், ஆட்டோவில் போய் வரலாம். படித்துறைகளைப் போல ஏறி இறங்கும் வேலை இல்லை, சமதளமான புல்வெளி. தாமேக் ஸ்தூபிக்கு எதிரே எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். நம் ரூபாய் நோட்டில் இருக்கிற அசோகரின் சிங்கத் தலை பக்கத்து அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, வேறு நாளில் போங்கள்.