'தி வேலூர்ஸ் ஃபோர்ட்' ஏன் தப்பு?

உங்க ஆங்கிலக் கட்டுரையில 'தி வேலூர்ஸ் ஃபோர்ட்'ல இருந்த 'தி'யை (the) ஆசிரியர் அடிச்சுத் திருத்தினது சரிதான். 'வேலூர்ஸ் ஃபோர்ட்' போதும். அதே பக்கத்துல விட்டுவச்ச 'தி மேனேஜர்ஸ் ஆபீஸ்' சரி, அதுல கை வைக்காதீங்க.

அந்த 'தி' கோட்டைக்கோ ஆபீசுக்கோ இல்ல, உடைமைக்காரருக்கு. 'குறிப்பிட்ட பொருள்னா தி'ன்னு மனப்பாடம் பண்ணி, பொருளைப் பார்த்துப் போட்டிருப்பீங்க.

எழுதினதும் அப்பாஸ்ட்ரஃபியில (உடைமையைக் காட்டுற 's-ல இருக்கிற மேல்குறி) இருந்து பின்னால எல்லாத்தையும் விரலால மறைங்க. மிச்சம் நிக்கிற பெயர் தனியா 'தி' ஏற்குமா? வேலூர் ஏற்காது. மேனேஜர் ஏற்கும். ஆத்துப் பேருக்கு 'தி' உண்டு, அதனால 'தி பாலார்ஸ் வாட்டர்' சரி. (தண்ணி ஓடுதாங்கிறது வேற கதை.)

'ஆஃப்' போட்டுத் திருப்பினா 'தி' கோட்டைக்கே போயிடும்: 'தி ஃபோர்ட் ஆஃப் வேலூர்'. 'மை', 'யுவர்' முன்னாடி 'தி' வரவே வராது.

ஒரு எச்சரிக்கை: 'தி விமென்ஸ் ஹாஸ்டல்' மாதிரி வகையைச் சொல்ற பெயர்ல இந்தச் சோதனை செல்லாது. அங்க 'தி' ஹாஸ்டலுக்கு. அதனாலதான் 'எ விமென்ஸ் ஹாஸ்டல்'னும் எழுத முடியுது.