ஹாங்காங்கில் கட்டிய வரியைச் சீனாவில் கழிக்க முடியுமா?

கேள்வி: 2018 முதல் ஷென்சென்னில் குடும்பத்தோடு இருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட். இங்குள்ள கம்பெனி ஒரு சம்பளம் தருகிறது. ஹாங்காங்குக்குப் போய்ப் பார்க்கும் வேலைக்கு அங்குள்ள கம்பெனி தனிச் சம்பளம் தருகிறது. அதற்கு அங்கேயே வரி கட்டிவிட்டேன். 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த வரியைக் கழிக்கலாமா?

பதில்: கழிக்கலாம். ஆனால் அந்தச் சம்பளத்துக்குச் சீனாவில் வரியே உண்டா என்பதை முதலில் பாருங்கள். பலர் இதைப் பார்க்காமலே படிவத்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டவருக்குச் சீனாவில் ஆறாண்டு விதி இருக்கிறது. 2019 முதல் தொடர்ந்து ஆறு ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் 183 நாளோ அதற்கு மேலோ மெயின்லாண்டில் (ஹாங்காங் சேராத சீனப் பகுதியில்) இருந்து, இடையில் ஒரே மூச்சில் 30 நாளுக்கு மேல் வெளியே போகாமலும் இருந்தால்தான், ஏழாம் ஆண்டில் வெளி வருமானத்துக்கும் வரி. ஆறு ஆண்டுகள் 2024-இல் முடிந்தன. கோவிட் காலத்தில் ஊருக்கு வர வழியில்லாமல் அங்கேயே இருந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். 2019 முதல் 2024 வரை எப்போதாவது 31 நாள் சேர்ந்தாற்போல ஊரில் இருந்தீர்களா? அப்படியானால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்கும். ஹாங்காங் கம்பெனி தந்த சம்பளத்துக்கு இப்போதைக்கு விலக்கு. 2025-இல் எடுத்த நீண்ட விடுப்பு 2025-க்கு உதவாது, அடுத்த ஆண்டுகளுக்குத்தான். இன்னொன்று: மெயின்லாண்டில் முழு 24 மணி நேரம் இருந்த நாள்தான் கணக்கில் வரும். காலையில் எல்லை தாண்டி ஹாங்காங் போய் இரவு திரும்பிய நாள் சேராது.

சரி, வரி உண்டு என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு சம்பளத்தையும் கூட்ட வேண்டும். ஷென்சென்னில் 3 லட்சம் யுவான், ஹாங்காங்கில் 1.8 லட்சம் என்றால், 60,000 அடிப்படைக் கழிவு போக மிச்சம் 4.2 லட்சம். மற்ற கழிவுகளை விட்டுவிட்டால் வரி 73,080. இதில் சம்பள விகிதப்படி ஹாங்காங்கின் பங்கு 27,405. கிரெடிட்டுக்கு, அதாவது ஹாங்காங் வரியைச் சீன வரியில் கழிப்பதற்கு, அதுதான் உச்சவரம்பு. நீங்கள் அங்கே கட்டியது 2,000 யுவான் அளவு என்றால் அந்த 2,000 மட்டுமே கழியும், மீதி 25,405 உங்கள் பையிலிருந்து போகும். ஹாங்காங்கில் வரி குறைவு என்ற சந்தோஷம் இங்கே கரைந்துவிடும். உச்சவரம்புக்கு மேல் கட்டியிருந்தால், மிச்சத்தை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம், அதுவும் அதே நாட்டின் அல்லது பகுதியின் (இங்கே ஹாங்காங்கின்) வருமானத்துக்கு எதிராக மட்டும்.

ஷென்சென்னில் உட்கார்ந்து செய்த வேலைக்கு ஹாங்காங் கணக்கில் பணம் விழுந்திருந்தால், அது வெளி வருமானமே அல்ல. வேலை எங்கே நடந்தது என்பதுதான் கேள்வி. அந்தப் பகுதிக்கு இந்தக் கிரெடிட் கிடையாது.

ஹாங்காங் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. முடியும் நாள் எந்த ஆண்டில் விழுகிறதோ அதுவே சீனக் கணக்குக்கான ஆண்டு. ஆகவே 2024-25 உங்களுக்கு 2025. தாக்கல் செய்ய 2026 மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை நேரம். ஹாங்காங் வரித்துறை தரும் வரிச் சான்று, கட்டிய ரசீது போன்ற ஆதாரம் இல்லாமல் கிரெடிட் கிடைக்காது. அங்கே கட்டிய அபராதமும் தாமதக் கட்டணமும் கிரெடிட்டில் சேராது. சான்று வரத் தாமதமானால் வருமானத்தை மட்டும் இப்போதே காட்டிவிடுங்கள். ஐந்து ஆண்டுக்குள் பின்னோக்கிக் கேட்க வழி இருக்கிறது.