சுப்பீரியர் ஏரிக்கரையில் ஒரு பாஸ்டி

கே: அமெரிக்காவில், மிச்சிகனின் கீவினா தீபகற்பத்துக்குப் போகிறோம். எதைச் சாப்பிடலாம், எங்கே சுற்றலாம்?

ப: முதலில் பாஸ்டி. தாமிரச் சுரங்க வேலைக்கு இங்கிலாந்திலிருந்து வந்த கார்ன்வால்காரர்கள் கொண்டுவந்தது. பார்த்தால் சோமாசிக்குப் பெரியண்ணன். உள்ளே மாட்டிறைச்சி, உருளை, வெங்காயம், ரூட்டபேகா என்ற கிழங்கு. ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு பிராக்வே மலைக்குப் போனேன். உச்சியில் பிரித்தபோதும் உள்ளங்கை சுட்டது. தொட்டுக்கொள்ள கெட்சப்பா, கிரேவியா என்று மட்டும் உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிடாதீர்கள், சண்டை மூளும். நான் கெட்சப் கட்சி.

அப்புறம், ஏரிக்கரை ஊரான காப்பர் ஹார்பரில் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு. ஆகஸ்டிலும் ஏரித் தண்ணீர் எலும்பைக் குத்தும். காற்று எழுந்தால் உடனே கரையேறிவிடுங்கள். திம்பிள்பெர்ரி என்ற காட்டுப்பழம் பழுப்பதும் ஆகஸ்டில்தான். விரல் பட்டாலே நசுங்குவதால் கடையில் ஜாமாகத்தான் கிடைக்கும். புளிப்பு தூக்கல், விலையும்தான்.