புது மாட்யூல் மட்டும் கட்டமாகத் தெரிகிறதே!

கேள்வி: எங்கள் கல்யாண மண்டபத்து எல்இடி வாலுக்கு (பெரிய சுவர்த்திரை) நான்கு வயது. திரையாகச் சேர்த்து மாட்டிய சிறு பலகைகளில், அதாவது மாட்யூல்களில், பழுதான நான்கைப் போன மாதம் மாற்றினோம். வெள்ளைப் பின்னணி வந்தாலே அந்த நான்கும் பச்சை பூசிய கட்டமாகத் தனியே தெரிகின்றன. மொத்த பிரைட்னஸைக் குறைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பழசும் புதுசும் சேர்ந்தே மங்கும், வித்தியாசம் அப்படியே நிற்கும். நான்கு வருடம் எரிந்த எல்இடியின் ஒளி குறைந்திருக்கும். அதிலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே அளவில் குறைவதில்லை. புது மாட்யூலோ வேறு பேட்ச், அதாவது வேறு தயாரிப்புத் தொகுதி. பச்சையின் அலைநீளம் சில நானோமீட்டர் தள்ளியிருந்தாலே நம் கண் பிடித்துவிடும்.

ஒவ்வொரு பிக்சலின் ஒளியையும் நிறத்தையும் சமன்செய்யும் திருத்த எண்கள் எங்கே பதிந்திருக்கின்றன என்று முதலில் பாருங்கள். மாட்யூலின் ஃபிளாஷ் மெமரியிலேயே இருந்தால் வேலை சுலபம். கீழ் ஓரத்துப் பழைய மாட்யூல்களைக் கழற்றி நடுவில் மாட்டி, புதியவற்றை ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். பிறகு எண்களை ரிசீவிங் கார்டுக்கு (படத்தை வாங்கி மாட்யூல்களுக்கு அனுப்பும் கார்டு) படித்து ஏற்ற வேண்டும். காசு செலவில்லாத வழி இது, நான் முதலில் சொல்வதும் இதைத்தான். எண்கள் கார்டில் மட்டும் இருந்தால் இடம் மாற்றாதீர்கள். செத்துப்போன மாட்யூலுக்கு எழுதிய எண்கள்தான் இப்போது புதியதன் மேல் ஓடிக்கொண்டிருக்கும். கிட்டே போய்ப் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். இருக்கும் எண்களை பேக்கப் எடுத்துவிட்டு, அந்த நான்கு இடங்களுக்கு மட்டும் அழித்துவிடுங்கள்.

அப்புறம்தான் கலர் திருத்தம். நோவாஸ்டார் நிறுவனத்தின் கார்டு என்றால் நோவாஎல்சிடி (NovaLCT) மென்பொருளில் அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்தலாம். வாலை அரை மணி நேரமாவது ஓடவிட்டுத் தொடங்குங்கள். சூடேறும்போது மற்ற இரண்டை விட சிவப்புதான் அதிகம் மங்கும். ஹால் விளக்கை அணைத்துவிட்டு, விருந்தினர் உட்காரும் தூரத்தில் நின்று பாருங்கள். முழுச் சிவப்பு, முழுப் பச்சை, முழு நீலம் என ஒவ்வொன்றாக ஓடவிட்டு, புதியதைப் பழையதன் அளவுக்கு இறக்குங்கள். களைத்த எல்இடியை ஏற்ற முடியாது. பச்சையின் சாயலே வேறாக இருந்தால், அதோடு துளி சிவப்போ நீலமோ கலந்து ஒட்டவைக்கலாம். வெள்ளையைக் கடைசியாகப் பாருங்கள். முதலிலேயே வெள்ளையில் தொடங்குபவர்கள் ஒன்றைச் சரிசெய்து இன்னொன்றைக் கெடுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வருவார்கள்.

வெள்ளையில் ஒட்டிப்போய், அடர்சாம்பலில் மட்டும் கட்டம் தெரிகிறதா? எல்இடிகளை எரியவைக்கும் சிப்பான டிரைவர் ஐசி வேறாக இருக்கலாம். நேரே நின்றால் சரியாகவும் பக்கவாட்டில் நின்றால் கட்டமாகவும் தெரிந்தால், எல்இடியின் வடிவமோ கறுப்பு முகப்போ வேறு. இரண்டையும் திருத்த எண்கள் காப்பாற்றாது. மாட்யூலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு மாட்யூல்கள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் மென்பொருளைத் தொடுமுன் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கறுப்புக் கோடு என்றால் இடைவெளி அதிகம், வெளிச்சக் கோடு என்றால் குறைவு. பெரும்பாலும் ஒரு திருகை முடுக்கினால் போதும்.