இங்கிலாந்தின் கார்ன்வால் துறைமுகச் சுவரிலிருந்து இறகுத் தூண்டில் (இறகு கட்டிய முட்கள் வரிசையாக உள்ள தூண்டில்) போட்டும் கானாங்கெளுத்தி ஏறவில்லையே, ஏன்?

பெரும்பாலும் ஆழம்தான் தவறுகிறது. கானாங்கெளுத்திக்குக் காற்றுப்பை இல்லை. கூட்டம் சட்டென்று மேலேறும், கீழிறங்கும். ஈயக்குண்டு தரை தொட்டதும் தூண்டில் கோலை உயர்த்தித் தாழ்த்தி, ரீலை நாலு சுற்று சுற்றுங்கள். மறுபடி அதையே செய்து மேலே வாருங்கள். மீன் தட்டிய ஆழத்தை நினைவில் வைத்து, அடுத்த வீச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

கண்ணால் பார்த்து இரை தேடும் மீன் இது, அதனால் கலங்கிய நீரில் மெனக்கெட வேண்டாம். கோடையில், நீரேற்றத்தோடு சேரும் விடியலும் அந்தியும் நல்ல நேரம்.

60 முதல் 90 கிராம் ஈயம், மூன்று முள் போதும். ஆறு முள் கட்டினால் நாலைந்து மீன் ஒன்றாக மாட்டி, தூண்டில் நரம்பை முறுக்கிச் சிக்கலாக்கிவிடும்.

பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தம் வடித்து, உடனே ஐஸில் வையுங்கள். வெயிலில் கிடந்தால் மீனில் ஹிஸ்டமின் என்ற, உடம்புக்கு ஒவ்வாத பொருள் சேரும். எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. இதில் மட்டும் அலட்சியம் வேண்டவே வேண்டாம்.