பட்டறை பதில்கள்: ஷாக் மாற்ற 6,800 ரூபாய் கூலி நியாயமா?

கேள்வி: என்னிடம் இருப்பது 2015 மாடல் ஸ்விஃப்ட் டீசல். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் 'டக் டக்' என்று சத்தம் வந்தது. எங்கள் ஊர் மெக்கானிக் பார்த்துவிட்டு, முன் ஷாக் அப்சார்பர் இரண்டிலும் ஆயில் ஒழுகுகிறது, வீலைப் பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் இரண்டும் போய்விட்டது என்று சொல்லி மாற்றிக் கொடுத்தார். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. ஸ்பேர்ஸ் பில் கடையில் இருந்து நேராக வந்தது, அதில் குறை இல்லை. ஆனால் லேபர் மட்டும் 6,800 ரூபாய். ஷாக் இரண்டுக்கு 1,800, ஸ்ட்ரட் மவுண்ட் இரண்டுக்கு 800, ஸ்பிரிங் கழற்றி மாட்ட 700, லோயர் ஆர்ம் இரண்டுக்கு 1,600, லிங்க் ராட் இரண்டுக்கு 600, வீல் கழற்றி மாட்ட 300, அலைன்மெண்ட் 500, பேலன்சிங் 500. பாதிப் பணம் கொடுத்துவிட்டேன். அக்கம்பக்கத்தில் 'நன்றாக ஏமாந்துவிட்டீர்கள்' என்கிறார்கள். என் கணவரோ, 'நாளைக்கும் அவரிடம்தானே போகவேண்டும், ஒன்றும் கேட்காதே' என்கிறார். நியாயமான கூலி எவ்வளவு?
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: என் கணக்கில் 3,500 ரூபாய். எப்படி என்று சொல்கிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முன் ஷாக்கை மாற்றும்போது வண்டிக்கு அடியில் என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். வண்டியை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துகிறோம். வீலைக் கழற்றுகிறோம். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் ஷாக்கோடு சேர்த்துப் பிடித்திருக்கும், அவற்றை விடுவிக்கிறோம். வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியோடு இணைந்த லிங்க் ராடின் மேல்முனை ஷாக்கில்தான் மாட்டியிருக்கும், அதைக் கழற்றுகிறோம். அப்புறம் கீழே இரண்டு பெரிய போல்ட், மேலே பாடியோடு பிடித்திருக்கும் நட். இவ்வளவும் கழன்றால் ஷாக், ஸ்பிரிங், மவுண்ட் மூன்றும் ஒன்றாக வெளியே வரும். ஸ்பிரிங்கைக் கம்ப்ரஸரில் வைத்து அழுத்தி, உச்சி நட்டைக் கழற்றிய பிறகுதான் ஷாக் தனியாகக் கைக்கு வரும். அந்த நட்டுக்கு அடியில்தான், ஷாக்கின் தலையைப் பாடியோடு பிடிக்கும் ஸ்ட்ரட் மவுண்டும் பேரிங்கும் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது பில்லைப் பாருங்கள். வீலைக் கழற்றாமல் ஷாக்கை எடுக்க முடியாது. ஸ்பிரிங்கைக் கழற்றாமல் முடியாது. மவுண்டைக் கையில் எடுக்காமலும் முடியாது. பழைய மவுண்டைத் திரும்ப வைத்தாலும் புதியதை வைத்தாலும் வேலை ஒன்றுதான். ஆகவே 1,800 ரூபாயிலேயே இந்த மூன்றும் அடக்கம். மவுண்டுக்கு 800, ஸ்பிரிங்குக்கு 700, வீலுக்கு 300 என்று தனித்தனியாகப் போட்டதில், ஒரே வேலைக்கு மறுபடி மறுபடி கூலி ஏறிவிட்டது. மேலதிகமாக ஏறிய இந்த மூன்றும் சேர்ந்து இன்னொரு 1,800 ரூபாய், அது கழிய வேண்டும்.

லிங்க் ராடின் மேல்முனை ஏற்கெனவே கழன்றாகிவிட்டது. பாக்கி கீழ்முனை மட்டும். துருப்பிடித்து நட்டோடு சேர்ந்து சுற்றினால் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும், இருந்தாலும் இரண்டுக்கும் சேர்த்து 200 போதும். லோயர் ஆர்ம் உண்மையிலேயே தனி வேலை. அதன் முனையில் இருக்கும் பால் ஜாயிண்டை, வீலைத் தாங்கும் நக்கிளில் இருந்து பிரிக்க வேண்டும், பாடிப் பக்க போல்டுகள் இறுகிக் கிடக்கும். ஆனால் வண்டி ஏற்கெனவே ஸ்டாண்டில் நிற்கிறது, வீல் வெளியே கிடக்கிறது. தனியாக வந்திருந்தால் 1,600 கேட்கலாம், ஷாக்கோடு சேர்த்துச் செய்யும்போது 1,000 சரி.

அலைன்மெண்ட் 500 கட்டாயம் கொடுக்க வேண்டியது. ஷாக்கையும் ஆர்மையும் கழற்றி மாட்டினால் வீலின் கோணம் மாறத்தான் செய்யும், அப்படியே ஓட்டினால் டயர் ஒரு பக்கமாகத் தேயும். பேலன்சிங் அப்படி இல்லை. டயரும் ரிம்மும் எப்படிக் கழன்றனவோ அப்படியே திரும்பப் போகின்றன, எடை எங்கேயும் மாறவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று நீங்கள் சொல்லியிருந்தால் பேலன்சிங் செய்வது நியாயம். நீங்கள் சொல்லவில்லையே! ஆகமொத்தம் 1,800, 1,000, 200, 500. கூட்டினால் 3,500.

இந்தத் தொகை மெக்கானிக்குக் கட்டுபடியாகுமா என்பதையும் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் 'நியாயம்' என்று சொல்வது பாதி நியாயம்தான். சென்னை பாடியில் இருக்கும் என் பட்டறைக் கணக்கையே சொல்கிறேன். இரண்டு மெக்கானிக், ஆளுக்கு நாள் சம்பளம் 1,000. இரண்டு ஹெல்பர், ஆளுக்கு 600. வாடகை நாள் ஒன்றுக்கு 1,000 விழுகிறது. கரண்ட், கம்ப்ரஸர், ஸ்பானர் தேய்மானம், டீ எல்லாம் சேர்த்து 400. ஒரு நாள் கதவைத் திறந்தாலே 4,600 ரூபாய் செலவு. எட்டு மணி நேரம் திறந்திருந்தாலும், கூலி வாங்கக்கூடிய வேலை ஒரு மெக்கானிக்குக் கிடைப்பது சராசரியாக ஐந்து மணி நேரம். மீதி ஸ்பேர்ஸுக்குக் காத்திருப்பதிலும், ஓட்டிப் பார்ப்பதிலும், போன் பேசுவதிலும் போய்விடும். ஆக இருவருக்கும் சேர்த்துப் பத்து மணி நேரத்தில் அந்த 4,600-ஐ எடுக்க வேண்டும். ஒரு மெக்கானிக்கும் ஒரு ஹெல்பரும் ஒரு மணி நேரம் வேலை செய்ய அடக்கம் 460. முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோகவும், வேலை திரும்பி வந்தால் இலவசமாகச் செய்துகொடுக்கவும் சேர்த்து 600 முதல் 650 வரை வாங்கினால்தான் பட்டறை நடக்கும்.

உங்கள் வண்டியில் செய்தது பழகிய கைக்கு ஏறக்குறைய நாலரை மணி நேர வேலை. 650-ஆல் பெருக்கினால் 2,925. அலைன்மெண்டைச் சேர்த்தால் அதே 3,500-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. செங்கல்பட்டில் வாடகை குறைவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். லிஃப்ட், ஏசி ஹால் எல்லாம் வைத்திருக்கும் கம்பெனி சர்வீஸில் மணிக்கு 1,000 போட்டால்கூட, இதே வேலை 5,000-க்குள் முடிந்துவிட வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஷாக் மாற்றுவதற்கான அந்த 1,800-இல் ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசாதீர்கள். அழுத்தி வைத்த ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொன்றுவிடும். நல்ல கம்ப்ரஸர் வாங்கக் காசில்லாமல் கயிற்றாலும் சங்கிலியாலும் ஸ்பிரிங்கைக் கட்டி வேலை செய்யும் பையன்களைப் பார்த்திருக்கிறேன், வயிற்றைப் பிசையும். கூலியை அடிமட்டத்துக்கு இறக்குகிறவர்கள் அந்தப் பையனின் கையையும் முகத்தையும் சேர்த்துத்தான் இறக்குகிறார்கள். இன்னொன்று, கூலியில் விட்டதை மெக்கானிக் ஸ்பேர்ஸில் எடுத்துவிடுவார். அது உங்கள் கண்ணுக்கே தெரியாது. உங்கள் மெக்கானிக் ஸ்பேர்ஸ் பில்லைக் கடையில் இருந்து நேராக வரவிட்டிருக்கிறார். அந்த மனிதரிடம் நேர்மை இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. பொருள் வாரியாகக் கூலி எழுதும் பழக்கம்தான் அவரை இந்தத் தொகைக்குக் கொண்டுபோயிருக்கும்.

அதனால் கேளுங்கள், ஆனால் கடையில் வேறு வாடிக்கையாளர் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். 'அண்ணே, சத்தம் சுத்தமா நின்னுடுச்சு, ரொம்ப சந்தோஷம். ஷாக்கைக் கழட்டும்போதே ஸ்பிரிங்கும் மவுண்டும் கூடவே வந்துடுதே, அதுக்குத் தனியா போட்டிருக்கீங்களே, கொஞ்சம் பாருங்க' என்று சொன்னால் போதும். வேலை தெரிந்தவருக்கு அது உடனே புரியும். பாதி கொடுத்தாகிவிட்டது, அதாவது 3,400. மேலே ஒரு நூறு ரூபாய்தான் பாக்கி என்பது என் கணக்கு. துருவேறிய போல்டை அறுத்தெடுக்க வேண்டியிருந்தது, ஒரு மணி நேரம் கூடுதலாகப் போய்விட்டது என்று அவர் சொன்னால், அறுத்த போல்டைக் காட்டச் சொல்லிவிட்டு 600 ரூபாய் சேர்த்துக் கொடுங்கள். அது அவருக்குச் சேர வேண்டியது.

கூடவே ஒன்று விசாரியுங்கள். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போல்டுகளை, வண்டி தன் எடையில் தரையில் நின்றபோது இறுக்கினாரா, இல்லை வீல் தொங்கும்போதே இறுக்கிவிட்டாரா? தொங்கும்போது இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். பத்து நிமிடம் கூடுதலாகச் செலவழிக்கிற மெக்கானிக்குதான் இதைச் சரியாகச் செய்வார். அப்படிச் செய்திருந்தால் நான் சொன்ன கூலியை மனசாரக் கொடுக்கலாம்.

கேள்வி: என் ஐ10 காரில் லோயர் ஆர்ம் புஷ் ஒன்று மாற்றினேன். புஷ் விலை 280 ரூபாய், கூலி 900. பொருளை விடக் கூலி மூன்று மடங்கா?
– வாசகர், வேலூர்

பதில்: 900 சரியான கூலி. ஆர்மைக் கழற்ற வேண்டும், பழைய புஷ்ஷைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ள வேண்டும், புதியதைத் திசை பார்த்து ஏற்ற வேண்டும், திரும்ப மாட்ட வேண்டும். சொந்தமாகப் பிரஸ் இல்லாத மெக்கானிக் ஆர்மைத் தூக்கிக்கொண்டு லேத் பட்டறைக்கு ஓட வேண்டும், அங்கேயும் காசு கொடுக்க வேண்டும். ஒன்றரை மணி நேர வேலை. பொருளின் விலைக்கும் கூலிக்கும் சம்பந்தமே இல்லை. 280 ரூபாய்ப் பொருளுக்கு இரண்டு மணி நேரமும் ஆகலாம், 4,000 ரூபாய்ப் பொருளை இருபது நிமிடத்தில் மாட்டிவிடவும் முடியும். பின் ஷாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் தனி, ஷாக் தனி என்று இருக்கும் கார்களில் பின்பக்கம் கம்ப்ரஸர் வேலையே கிடையாது. அதற்கு முன்பக்கக் கூலியில் பாதிக்கு மேல் யாராவது கேட்டால் காரணம் கேளுங்கள்.

300 ரூபாய்க்குச் சுத்தியலால் அடித்தே புஷ்ஷை ஏற்றித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். வேண்டாம். பால் ஜாயிண்டும் சேர்ந்து ஆடினால், புஷ்ஷில் கூலியைப் போடாமல் முழு ஆர்மாக வாங்கிவிடுங்கள்.

கேள்வி: கையால் எழுதின பில்லில் லேபருக்கு 18% ஜிஎஸ்டி சேர்த்திருக்கிறார். கடைக்கு ஜிஎஸ்டி எண் இல்லை. கொடுக்க வேண்டுமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். பதிவு இல்லாத கடை ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. வருட வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் பட்டறைக்குப் பதிவு கட்டாயமில்லை, ஆகவே எண் இல்லாதது அவருடைய குற்றமில்லை. வரி என்று எழுதி வாங்குவதுதான் தவறு. பதிவு செய்தவர் என்றால் பில்லில் 15 இலக்க எண் இருக்கும், தமிழ்நாட்டுக் கடையானால் அது 33 என்று தொடங்கும். அவர் லேபருக்கு 18% போடுவது சரி. ஸ்பேர்ஸுக்கும் 2025 செப்டம்பர் 22 முதல் 18% தான். இன்னமும் 28% போட்டுப் புது பில் கொடுத்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்பேர்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் நானே ஷாக் வாங்கிக்கொண்டு போனால், 'அப்படியானால் லேபர் டபுள்' என்கிறார் மெக்கானிக். இது என்ன நியாயம்?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: டபுள் அதிகம். கொஞ்சம் கூட்டிக் கேட்பது நியாயம். ஸ்பேர்ஸ் கடைக்காரர் மெக்கானிக்குக் கொடுக்கிற தள்ளுபடியில்தான் பல பட்டறைகளில் வாடகையே போகிறது, அது இல்லாத இடத்தில் கூலியில் 20, 25 சதவீதம் ஏறினால் குறை சொல்ல மாட்டேன். அவர் கவலை வேறு இடத்திலும் இருக்கிறது. நீங்கள் வாங்கிய ஷாக் போலியாகவோ வேறு மாடலுக்கு உரியதாகவோ இருந்து இரண்டே மாதத்தில் ஒழுகினால், அதைக் கழற்றி மாட்டும் கூலியை யார் தருவது? அவர் வாங்கித் தந்த பொருள் என்றால் அவர் பொறுப்பு. நீங்கள் வாங்கியதானால் நீங்கள்தான் மறுபடி கூலி தர வேண்டும். வேலை தொடங்கும் முன்பே இதைப் பேசி, 'ஷாக் வாடிக்கையாளர் கொடுத்தது, வேலைக்கு மட்டும் மூன்று மாதப் பொறுப்பு' என்று பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வலது, இடது பார்த்து ஜோடியாகவே வாங்குங்கள். ஸ்ட்ரட் மவுண்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள், இல்லையென்றால் அது போகும்போது முழுக் கூலியையும் இன்னொரு தடவை கொடுப்பீர்கள்.